வாய் படாமல் குடித்த தண்ணீர்

முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிந்த அந்த வருடங்களில், ஒரு தீம் பார்க்கின் சமையல்கட்டுகளில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வேலையின் மரியாதையான பெயர் உணவுச் சுகாதார மேற்பார்வையாளர். நேரில் என்னை 'ஹைஜீன் மேடம்' என்பார்கள். முதுகைத் திருப்பினால் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் அந்த வேலைக்கென்றே பிறந்தவள் நான். ஈசூன் குடியிருப்புப் பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கை கழுவினார்களா என்று கொரோனாவுக்கு முன்பே கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பேன். கொரோனா வந்த பிறகு கேட்க வேண்டுமா? தேக்கா சந்தையில் வாங்கி வந்த கத்தரிக்காயைச் சோப்புத் தண்ணீரில் முக்கினேன். முட்டையை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். "முட்டையையாவது விட்டுடு லா, அது மூடித்தானே வந்திருக்கு" என்றார் என் கணவர். நான் சிரிக்கவில்லை. அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பே வராது.

மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பூங்கா, கூட்டத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடி திறந்தபோது, ராட்டினங்களைவிடச் சாப்பாட்டுக் கூடங்களுக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். ராட்டினத்தில் முகக்கவசத்தோடு உட்காரலாம். சாப்பிட வேண்டுமென்றால் கழற்றித்தானே ஆக வேண்டும்? அழுத்தினால் சாஸ் வரும் குப்பிகளை எடுத்துவிட்டுப் பொட்டலங்கள் வைத்தோம். கரண்டியும் முள்கரண்டியும் காகித உறைக்குள் போயின. ஒரு மேஜை விட்டு ஒரு மேஜையில் டேப்பால் பெருக்கல் குறி போட்டோம். ஒரு குடும்பம் எழுந்து போனால் மருந்து தெளித்து, துடைத்து, 'துடைத்தாயிற்று' என்ற அட்டையை வைத்த பிறகுதான் அடுத்த குடும்பம் உட்காரலாம். முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டிருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டு, இந்த மேஜை சுத்தமா என்று கேட்டார். மேஜை சுத்தம்தான் சார் என்றேன்.

உள்ளே சமையல்கட்டில் இன்னொரு பட்டியல். குளிர்பெட்டியின் சூடு, குழம்பின் சூடு, ஆளின் சூடு எல்லாவற்றையும் நேரத்தோடு குறிக்க வேண்டும். கையுறை மாற்றினார்களா, எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்று பார்க்க வேண்டும். கையுறை போட்டுவிட்டால் கை சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். அதே கையுறையோடு கைத்தொலைபேசியைத் தடவிவிட்டு அதே கையுறையோடு வெங்காயத்தை அள்ளுவார்கள். அப்படிப்பட்டவர்களிடம் நான் கத்தியிருக்கிறேன். சிலர் அழுதிருக்கிறார்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அது என் வேலை. நான் வருத்தப்படுவது வேறொன்றுக்காக.

பூங்காவின் இந்திய உணவுக் கடையில் ஒருத்தி வேலை செய்தாள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள், ஆங் மோ கியோவில் வீடு. கணவர் சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர். சுற்றுலாப் பயணிகளே இல்லாமல் போனதால் அவர் வீட்டில் இருந்தார், வீடு இவள் சம்பளத்தில் ஓடியது. ஒப்பந்த வேலைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள்.

பிரியாணியும் குழம்பும் அவள் பொறுப்பு. அந்தப் பூங்காவிலேயே நான் கத்த வேண்டிய அவசியமே வராத ஒரே ஆள் அவள்தான். உப்பு பார்க்க வேண்டுமென்றால் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுக்கொள்வாள். ஒதுங்கிப் போய்ச் சுவைப்பாள். பிறகு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் அடுப்புக்கு வருவாள். வாயில் பட்ட கரண்டி அவள் சட்டியை நெருங்க முடியாது. யாராவது தட்டிலிருந்து எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அதே கையால் கிண்ணத்தைத் தொட்டால், எனக்கு முன்னால் அவள் குரல் வந்துவிடும். "எச்சில் கை! எடு கைய!"

"கொரோனா வந்துதான் ஊருக்கே எச்சில்னா என்னன்னு புரிஞ்சிருக்கு, இல்லக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து நான் படம் போட்டு விளக்கிய விஷயத்தை அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். வாராவாரம் அவளுடைய கடைக்கு நான் கொடுத்த தாளில் ஒரு குறைகூட இருக்காது.

அதுதான் வினையாக முடிந்தது. அந்தச் சமயத்தில் வேறொரு இடத்தில் உணவுக்கடை ஒன்றை அதிகாரிகள் வந்து மூடியிருந்தார்கள். எங்கள் பூங்கா மேலிடம் பயந்துவிட்டது. எல்லா மேற்பார்வையாளர்களையும் கூப்பிட்டுத் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்கள். என் தாள் வந்ததும் மேலாளர் நிறுத்தினார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தாதவர். "இந்திய உணவுக் கடையில் மட்டும் ஒரு தவறும் இல்லையே, எப்படி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அருகில் இருந்த ஒருத்தர் லேசாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று இந்த ஊரில் சிறுபான்மையாகப் பிறந்து வேலை பார்த்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முப்பது வருட வேலையில் நான் பயந்ததெல்லாம் அந்த ஒன்றுக்குத்தான், தன் ஆட்களைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்காகவே தமிழ் ஊழியர்களிடம் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகவே கறாராக இருந்தவள் நான். அன்று அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு ஒரு குறை வேண்டியிருந்தது. எந்தக் குறையானாலும் சரி.

தேடினால் கிடைக்காமலா போகும்?

ஊழியர்கள் இளைப்பாறும் மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய் எந்திரம் இருந்தது. பலர் தொடும் பொத்தான் என்பதால் அதை நான்தான் டேப் சுற்றி மூடி வைத்திருந்தேன். அவரவர் பாட்டிலை அவரவர் கொண்டு வர வேண்டும் என்று நானே அறிவிப்பு எழுதி ஒட்டியிருந்தேன். அடுப்புக்கு முன்னால் எட்டு மணி நேரம் முகக்கவசத்தோடு நின்றால் ஒரு பாட்டில் தண்ணீர் எந்த மூலைக்கு? அதை அறிவிப்பு எழுதிய நான் யோசிக்கவில்லை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதியதல்லவா?

மறுநாள் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரம். இந்திய உணவுக் கடையின் பின்வாசலுக்குப் போனேன். அவளும், பாத்திரம் கழுவும் மலாய் அம்மாவும் சுவரோரம் நின்றிருந்தார்கள். அந்த அம்மாவை நாங்கள் எல்லாரும் மக்சிக் என்போம். இருவருக்கும் முகக்கவசம் தாடையில் தொங்கியது. அவள் தன் பாட்டிலை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து வாய்க்குள் ஊற்றிக் குடித்தாள். பிறகு பாட்டிலை மக்சிக்கிடம் கொடுத்தாள். மக்சிக்கும் அதே மாதிரி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். பழகிய கை. முதலில் பழகும்போது முக்காடெல்லாம் நனைந்து எல்லாரும் சிரித்த கதை எனக்கே தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள்.

நான் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தேன்.

படத்தில் கோணம் சரியில்லை. பக்கவாட்டிலிருந்து எடுத்ததில், பாட்டிலின் கழுத்து மக்சிக்கின் வாயோடு ஒட்டினாற்போல் தெரிந்தது. அலுவலக அறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் விதித்தாளில் இரண்டு வரிகள் இருந்தன. முகக்கவசம் இல்லாமல் நெருங்கி நிற்பது ஒன்று, அதற்கு வாய்மொழி எச்சரிக்கை போதும். ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பது இன்னொன்று, அது கடுமையான மீறல். நடந்தது முதலாவதுதான். வாய்மொழி எச்சரிக்கையை எழுதினால் மேலாளருக்கு அது ஒரு குறையாகவே படாது. நான் இரண்டாவது வரிக்கு நேராகக் குறியிட்டேன். படத்தையும் இணைத்தேன்.

நானும் அப்படித்தான் குடித்து வளர்ந்தவள். செம்பில் வாய் பட்டால் அம்மாவின் கை முதுகில் விழும். எத்தனை பேர் குடித்தாலும் அந்தப் பாட்டிலில் யாருடைய எச்சிலும் படாது என்பது அந்தப் பூங்காவில் வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிந்துதான் குறியிட்டேன்.

ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அன்று அதைக்கூட நினைத்தேனா என்று தெரியவில்லை.

மக்சிக்கை முதலில் கூப்பிட்டார்கள். நிரந்தர ஊழியர், தொழிற்சங்கத்தில் இருப்பவர். சாரி சொல்லிக் கையெழுத்துப் போட்டார், எச்சரிக்கைக் கடிதத்தோடு போய்விட்டார். அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். அறையில் மேலாளர், ஆள்நிர்வாகப் பிரிவிலிருந்து ஒரு பெண், நான், அவள். மேஜை நீளம், ஆளுக்கு ஒரு மூலை, எல்லார் முகத்திலும் கவசம். மேலாளர் படத்தைக் கணினித் திரையில் காட்டி, இது நீங்கள்தானா என்று கேட்டார்.

அவளுக்கு வேலை ஆங்கிலம் வரும். சிக்கன், ஆனியன், ஹரி அப், டூ டேபிள் பிரியாணி. வழக்குப் பேசும் அளவுக்கு வராது. திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயமே இல்லை. என்னைப் பார்த்ததில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது, அதை நான் கண்டேன்.

"அக்கா, நல்லவேளை நீங்க இருக்கீங்க. நீங்களே சொல்லுங்கக்கா. நாங்க வாய் வச்சா குடிச்சோம்? அண்ணாந்துதானே குடிச்சோம்? எச்சில் பட்ட பாட்டில நான் கையால தொடுவேனா? மக்சிக்குக்குத் தண்ணி தீந்துபோச்சு, தலை சுத்துதுன்னாங்க, குடுத்தேன். மாஸ்க்க எறக்குனது தப்புதான், அத ஒத்துக்குறேன். எச்சில்னு மட்டும் எழுதாதீங்கன்னு சொல்லுங்க."

"என்ன சொல்கிறார்?" என்றார் மேலாளர்.

சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எங்கள் ஆட்கள் பாட்டிலில் வாய் வைப்பதில்லை, மேலிருந்து ஊற்றிக்கொள்வார்கள், படத்தில் கோணம் ஏமாற்றுகிறது. மூன்று வாக்கியம். தேவைப்பட்டால் எழுந்து குடித்தே காட்டியிருக்கலாம். அந்த மூன்று வாக்கியத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி எனக்குத்தான் வரும். அது தெரிந்தும் ஏன் இப்படி எழுதினாய்? தன் ஆளைக் காப்பாற்ற இப்போது கதையை மாற்றுகிறாயா?

"அவர் சாரி சொல்கிறார். இனிமேல் நடக்காது என்கிறார்" என்றேன், ஆங்கிலத்தில்.

மேலாளர் தலையாட்டினார். ஆள்நிர்வாகப் பெண் தட்டச்சு செய்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கம் திரும்பவில்லை. காகிதத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டாள். அந்த மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். நிரந்தர ஊழியருக்குக் கடிதம், ஒப்பந்தக்காரிக்கு வாசல். அவளுடைய கடைசி நாளன்று நான் வேறொரு சமையல்கட்டுக்குச் சோதனைக்குப் போனேன். அந்தச் சோதனை அடுத்த வாரத்துக்குப் போட்டிருந்தது, நான்தான் முன்னால் இழுத்துக்கொண்டேன்.

அவளுக்குப் பதில் வந்த ஆள் கரண்டியை வாயில் வைத்துச் சுவை பார்த்துவிட்டு அதே கரண்டியைச் சட்டியில் விட்டான். இரண்டாம் நாளே பிடித்தேன், கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திவிட்டுப் பக்கத்து மேஜையில் சாய்ந்துகொண்டேன். அவனுக்குப் புரியவில்லை, மேடத்துக்குக் காய்ச்சலோ என்று இரண்டடி தள்ளி நின்றான்.

தண்ணீர் எந்திரத்தின் டேப்பை நானே அவிழ்த்தேன். பொத்தானுக்குப் பக்கத்தில் கிருமிநாசினியும் காகிதக் குவளைகளும் வைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. மேலாளர் அதை நல்ல யோசனை என்று பாராட்டி மற்றக் கடைகளுக்கும் அனுப்பினார். அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. வீட்டில் கேக் வெட்டினார்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட.

அவளுடைய எண் என் தொலைபேசியில் இருந்தது. எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டு என்ன சொல்வது? எழுதினது என் கடமை என்று ஆரம்பிப்பேன், மனதுக்குள்தான். பிறகு மாஸ்க்கை இறக்கியது தப்புத்தானே என்பேன். காலம் அப்படி, எல்லாரும் பயந்து கிடந்தோம் என்பேன். பேச்சு அந்த அறைக்குள் போகும் வரை நன்றாகத்தான் போகும். அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிடும். நான் எண்ணை மூடி வைத்துவிடுவேன்.

அந்த வேலையை விட்டு நான் வெளியே வந்த பிறகு, போன வருடம், ஜாலான் புசாரில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். இடியாப்பத் தட்டு வாங்க. கடை வாசலில் ஒரு பெண் அண்டா ஒன்றைக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகக்கவசம் இல்லாத அவள் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் எனக்கு முன்னால் அவள்தான் அடையாளம் கண்டாள்.

"அக்கா! நல்லா இருக்கீங்களா?"

நன்றாகத்தான் பேசினாள். தேக்கா பக்கம் ஒரு கேட்டரிங் சமையலறையில் இப்போது அவள்தான் தலைமைச் சமையல், கல்யாண ஆர்டரெல்லாம் வருகிறதாம். கணவர் மறுபடி பேருந்து ஓட்டுகிறாராம். பிள்ளை பாலிடெக்னிக் போகிறதாம். கேட்கக் கேட்க என் மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் வாய் என்னை மீறிவிட்டது.

"பாத்தியா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றேன்.

அவள் அண்டாவைக் கீழே வைத்தாள்.

"எது நல்லதுக்குக்கா?"

நான் பக்கத்தில் இருந்த இடியாப்பத் தட்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"ரெண்டு வருஷம் வேல இல்லாம இருந்தேன். ரெண்டு ஓட்டல் கிச்சன்ல எடுத்துக்குறோம்னாங்க. பூங்காவுக்குப் போன் போட்டு விசாரிச்சுட்டு வேணாம்னுட்டாங்க. நீயே ஒத்துக்கிட்டு சாரி சொல்லியிருக்கியாமேன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்லட்டும்? என் கையெழுத்து இருக்கு." அவள் குரல் உயரவில்லை. "நீங்க எழுதினதப் பத்தி எனக்குக் கோவமே இல்லக்கா. எழுதுறது உங்க வேல. ஆனா நான் சாரி சொல்லலையே? எனக்கு இங்கிலீஷ் வராதுதான். சாரின்னா தெரியாதா?"

கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார், பிறகு உள்ளே போய்விட்டார். இத்தனை வருடம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட அந்த இடத்தில் உதவவில்லை. "சாரிம்மா" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, என் வயதுக்கு நடுத்தெருவில் அது அசிங்கம்தான்.

அவள் என் கையைப் பிடித்தாள். அவள் பிடிக்காமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இது உங்க சாரிக்கா. இத நான் வாங்கிக்கிறேன்" என்றாள். "அன்னைக்கு என் பேர்ல ஒண்ணு சொன்னீங்களே. அத நான் யாருகிட்டப் போயித் திருப்பி வாங்குறது?"

அந்த மேலாளர் எப்போதோ வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஆள்நிர்வாகப் பெண் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள், அண்டாவுக்கு விலை பேசி முடித்தாள், அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்து போனாள்.